பீலிக்கரைப் பெட்டி

நன்றாக விளைந்த ஒரு கோவா மூன்று கிலோ இருக்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் அதைச் சுண்டி, குழம்பு வைத்து, மறுநாளும் வறுத்து முடிப்பதற்குள் நான்காம் நாள் ஆகிவிடும். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் உள்ள துண்டு நிலத்திலோ முப்பது கோவா ஒன்றாக முற்றி நிற்கும். தோட்டத்தில் மிச்சம் என்பது இப்படித்தான் வருகிறது. ஒரே மரக்கறி, ஒரே வாரம், ஓரிரு வீட்டில் மட்டும்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள் அல்லவா, அந்த இரண்டு வாரங்களில் லொறி வராமல் எங்கள் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் பாத்தியிலேயே அழுகின. அதே வாரங்களில் என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் சிலர் வெறும் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலைவைத்துப் படுத்தார்கள். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அழுகிய கரட்டுக்கும் படுத்திருந்த பிள்ளைக்கும் இடையில் இருநூறு மீட்டர் தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் பெட்டி வைத்தோம். இப்போது நிற்பது மூன்றாவது பெட்டி. முதல் இரண்டும் எதனால் சரிவரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் தோட்டத்தில் முதல் பெட்டியே நிலைத்து நிற்கட்டும்.

வீதியோரத்தில் பெட்டி வைத்து உணவு பகிர்வது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2016இல் ஒரு பெண் தெருவோரத்தில் மரப்பெட்டி நட்டு, அதில் டின் உணவும் சவர்க்காரமும் வைத்தார். 2021 ஏப்ரலில் மணிலாவை ஒட்டிய கேசோன் நகரத்தில் ஓர் இளம்பெண் மூங்கில் வண்டி ஒன்றை நிறுத்தி, முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுங்கள் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சில நாட்களில் நாடு முழுவதும் அதைப்போல வண்டிகள் நின்றன. இந்தச் செய்திகளைப் படித்துத்தான் எனக்கும் துணிவு வந்தது. ஆனால் எங்கள் மலையில் மிஞ்சுவது டின் உணவு அல்ல, பச்சை மரக்கறி. இங்கே மழையும் வேறு, குரங்கும் வேறு, கூச்சமும் வேறு.

கூச்சத்தைத்தான் முதலில் பேச வேண்டும். முதல் பெட்டியை மாரியம்மன் கோவில் வாசலில் வைத்தோம். நல்ல காரியம், அம்மன் கண்பார்வையில் இருக்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டேன். யார் என்ன வைத்தார்கள், யார் என்ன எடுத்தார்கள் என்று எழுதினால் கணக்கு ஒழுங்காக இருக்கும் என்பது என் எண்ணம். மூன்று வாரங்களில் வைத்தவர்களின் பெயர்களால் இரண்டு பக்கம் நிறைந்தது. எடுத்தவர் பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. போஞ்சி வாடி, தக்காளி நீர்விட்டு, கடைசியில் மாட்டுக்குப் போனது.

மேல் லயத்து அப்பாயி ஒருவர்தான் எனக்கு விளக்கினார். "டீச்சர், பசி என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கு மனம் வரும்? இன்னொன்று, மாதத்தில் சில நாள் பெண்கள் கோவில் பக்கம் வருவதில்லை. அந்த நாட்களிலும் அடுப்பு மூட்டுவது அவர்கள்தானே?" என்றார். வேதக்கார வீடுகள் நான்கும் கோவில் வாசலுக்கு வர யோசித்தன என்பதையும் பிறகுதான் அறிந்தேன். கொப்பியை அன்றே கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். பெட்டியில் கை வைத்து நிற்பவர் கொடுக்கிறாரா எடுக்கிறாரா என்று தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. இடம், கதவு, அறிவிப்பு, பொட்டலத்தின் அளவு என்று எதைத் தீர்மானித்தாலும் இந்த ஒரு கேள்வியை வைத்தே தீர்மானியுங்கள்.

எல்லாரும் வேறொரு வேலையாக எப்படியும் வந்து போகும் இடமாகப் பாருங்கள். எங்களுக்கு அது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை. குடத்தோடு வருபவர்கள் நின்று பேசுவார்கள், காத்திருப்பார்கள், பெட்டிப் பக்கம் ஒதுங்குவார்கள். வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் பாதையும் நல்ல இடம்தான். கோவில், தேவாலயம், கடை, தலைவர் வீடு, சங்கக் காரியாலயம் ஆகியவற்றின் வாசல் வேண்டாம். யாருடைய வீட்டு இஸ்தோப்புக்கும், முன் திண்ணைக்கும், நேராக வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் பார்க்க விரும்பாவிட்டாலும் பார்த்துவிடுவார். வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களமும் சரிவராது. காலையில் அங்கே முழுத் தோட்டத்தின் கண்ணும் இருக்கும்.

நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். வாயால் கேட்டுவிட்டு வராமல், ஒரு பக்கக் கடிதமாக, மாதர் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். துரை மாறினாலும் கடிதம் கோப்பில் இருக்கும். பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். வெசாக் பண்டிகைக்கு இலவசமாக உணவு கொடுக்கும் தன்சலுக்கே அவர்களிடம் பதிய வேண்டியிருக்கிறது. தினமும் உணவு வைக்கும் பெட்டியை அவர்கள் பார்த்திருப்பது நமக்குத்தான் பாதுகாப்பு. சமைத்த உணவு வைக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு இலகுவாக முடியும்.

இனிப் பெட்டி. இரண்டாவது பெட்டியைப் பழைய தேயிலைப் பெட்டியில் செய்தோம். தேயிலை இப்போது கடதாசிச் சாக்கில் போகிறது. ஒரு காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் கப்பலேறியது. அப்படி ஒரு பெட்டி அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் காம்பராவில் துணி வைக்கக் கிடந்தது. அதையே கொடுத்தேன். ஒரே ஒரு மழைக்காலம். ஒட்டுப்பலகை இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே இருந்த மா மூட்டை முழுவதும் பூஞ்சணம் பிடித்தது. வெளியில் நிற்கும் பெட்டிக்கு ஒட்டுப்பலகை வேண்டவே வேண்டாம். பைனஸ் பலகை வாங்கி, அறுத்த ஓரங்களுக்கும் சேர்த்து இரண்டு பூச்சு பெயின்ட் அடியுங்கள். தண்ணீர் பலகைக்குள் நுழைவது அந்த ஓரம் வழியாகத்தான்.

எங்கள் பெட்டி மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். நடுவில் ஒரு தட்டு. கீழ்த்தட்டு மரக்கறிக்கு, அதன் இரு பக்கமும் பலகைக்குப் பதிலாக அரை அங்குலக் கம்பி வலை அடித்திருக்கிறோம். மரக்கறிக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து அழுகும். மேல்தட்டு அரிசி, பருப்பு, மா, சீனிக்கு; அது நன்றாக மூடியிருக்க வேண்டும். தகரக் கூரையைக் கதவுப் பக்கம் ஒரு முழம் நீட்டி இறக்குங்கள். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை சாய்ந்து அடிக்கும் என்பதால் பெட்டியின் முதுகைத் தென்மேற்குக்குக் காட்டி நிறுத்தியிருக்கிறோம். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் இருப்பவர்கள் வடகீழ் மழைக்கு முதுகு காட்ட வேண்டும்.

எலியை விளையாட்டாக எடுக்காதீர்கள். எலியின் சிறுநீர் பட்ட இடத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும். பெட்டியின் அடிப்பாகம் நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். தாங்கும் இரண்டு கால்களையும் சுற்றி, பெட்டிக்குச் சற்றுக் கீழே, ஓர் அடி அகலத்துக்கு வழுவழுப்பான தகரம் சுற்றி ஆணியடியுங்கள். எலிக்கு அதில் நகம் பிடிக்காது. பெட்டியை மரக்கிளையிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளியே நடுங்கள். எறும்புக்குக் காலடியில் தண்ணீர்ச் சிரட்டை வைப்பது வழக்கம், ஆனால் அதில் நுளம்பு முட்டையிடும். நாங்கள் பாவித்த ஒயிலில் நனைத்த துணியைக் காலில் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுகிறோம்.

குரங்குக்குத்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. சாதாரணக் கொக்கியை இரண்டே நாளில் கழற்றக் கற்றுக்கொண்டது. இப்போது போட்டிருப்பதில் கொக்கியைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு கையால் மரக்கட்டையைத் திருப்ப வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு முடிகிறது, குரங்குக்கு இன்னும் முடியவில்லை. பூட்டு மட்டும் போடாதீர்கள். பூட்டுப் போட்டால் சாவி ஒருவர் கையில் இருக்கும், அவரிடம் போய்க் கேட்க வேண்டி வரும்.

கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி வைத்தோம். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நடந்துகொண்டே பார்த்துவிடலாம். கதவைத் திறந்து, ஒன்றும் இல்லாமல், வெறுங்கையோடு மூடிவிட்டுப் போவது மனதை நோகச்செய்யும். அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

என்ன வைப்பது என்பதில் மரக்கறிக்கு ஒரு விதி எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. மருந்தடித்த பாத்தியென்றால், அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்று போத்தல் லேபலில் இருக்கும் நாட்கள் முடியாமல் பெட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. கழுவினால் போய்விடும் என்று நினைப்பது தவறு. சந்தைக்கு அனுப்பும் அவசரத்தில் சிலர் இதைத் தவறவிடுகிறார்கள். பெட்டியில் இருப்பதை எடுப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. கேட்டுக் கேட்டு இப்போது எங்கள் ஆட்கள் "எட்டு நாள் ஆகிவிட்டது டீச்சர்" என்று தாங்களே சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

கரட், பீட்ரூட், ராபு மூன்றுக்கும் இலையை ஒட்ட நறுக்கிவிட்டு வையுங்கள். இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை இழுத்து இரண்டு நாளில் தளர்த்திவிடும். அந்த இலையில் பிஞ்சானவற்றைத் தனியாகக் கட்டி வைத்தால் சுண்டிச் சாப்பிட எடுப்பார்கள். மண்ணைத் தட்டிவிடுங்கள், கழுவாதீர்கள். கழுவியது சீக்கிரம் அழுகும். கோவாவுக்கு வெளி இலை இரண்டை விட்டுவையுங்கள், லீக்ஸுக்கு வேரை. பெரிய கோவாவை இரண்டாக வெட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், வெட்டிய முகம் கறுத்துவிடும். சிறிய கோவாவைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டுப் பெரியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எதிர்வீட்டாருடன் நேராகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கில் வெளிச்சம் படக் கூடாது. தோல் பச்சையானால் சொலனைன் என்ற நஞ்சு கூடியிருக்கிறது என்று பொருள், அவித்தாலும் அது போகாது. அதனால் சாக்குத் துணிப் பையில் கட்டி வைக்கிறோம். பச்சை கண்டதை நான் எடுத்துப் போட்டுவிடுவேன். கீரை காலையில் பறித்து அன்றைக்கே முடிய வேண்டும். முட்டையைக் கழுவாமல், பென்சிலால் திகதி எழுதி வையுங்கள். பச்சைப் பால், இறைச்சி, மீன், திறந்த பால்மா, மருந்து மாத்திரை ஆகியவை பெட்டிக்குள் வரக் கூடாது.

உலர் பொருளில் கவனிக்க வேண்டியது பொட்டலத்தின் அளவு. ஐந்து கிலோ மா மூட்டையை ஒருவர் அன்போடு கொண்டுவந்து வைத்தார். இரண்டு நாள் அது அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசல்களைத் தாண்டிப் போக யாராலும் முடியவில்லை. பிரித்து அரைக் கிலோவாகக் கட்டினோம், மாலைக்குள் முடிந்தது. அரைக் கிலோ மா ஒரு வீட்டுக்கு ஒரு நேர ரொட்டி. பருப்புக்கு 250 கிராம், சீனிக்கும் அதே அளவு. கைப்பைக்குள் அடங்கும், சேலைத் தலைப்புக்குள் அடங்கும், கொழுந்துக் கூடைக்குள்ளும் போய்விடும். எங்கள் குளிரில், பனி இறங்கும் மாதங்களில், மா பிளாஸ்டிக் பைக்குள்ளேயே ஈரம் வாங்கும். இறுக்கமான மூடி உள்ள பழைய டின்களை மேல்தட்டில் வைத்து, பொட்டலங்களை அதற்குள் போடுகிறோம். டின்னைத் திரும்ப வைக்குமாறு எழுதியிருக்கிறோம், பெரும்பாலும் வந்துவிடுகிறது.

சமைத்த உணவுக்கு வருகிறேன். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு திருமண வீட்டில் மிஞ்சிய சோற்றுப் பார்சல் பத்தைப் பகல் இரண்டு மணிக்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் பார்த்தபோது மாலை ஆறு மணி. பார்சலைப் பிரித்தால் வாழையிலை வாசனைக்குக் கீழே புளித்த வாசனை. இரண்டு பார்சல் அதற்குள் போயிருந்தது. அன்றிரவு ஒரு வீட்டில் பிள்ளைக்கு வாந்தி. விடியும்வரை அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை தேறிவிட்டது. சோற்றில் ஒருவகைக் கிருமி இருக்கிறது. அதன் வித்து கொதியில் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் பெருகி நஞ்சு விடும், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. நம் ஊர் குளிர்தானே என்று நினைக்காதீர்கள்; கட்டிவைத்த பார்சலின் நடுச்சோறு நெடுநேரம் சூடு ஆறாமல் இருக்கும்.

ஆகவே திருவிழா, திருமணம், கருமாதி எதில் மிஞ்சினாலும் அதற்கு வழி பெட்டி அல்ல. பந்தி முடிந்தவுடன் கோவில் ஒலிபெருக்கியில் "பாத்திரத்தோடு வாருங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். சமைத்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கைமாறிவிட வேண்டும். விருந்து வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோவதில் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கூச்சம் இல்லை. அது காலம் காலமாக இருக்கும் வழக்கம். ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் ஒன்றைப் பெட்டிக்குள் திணிக்க வேண்டியதில்லை.

அறிவிப்புப் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி போதும். கீழே உள்ள சிங்களக் கிராமத்தவர்களும் இந்தப் பாதையால் போகிறார்கள். அவர்கள் வைத்த வாழைக்குலைகள் எத்தனையோ. எங்கள் பலகையில் "மிஞ்சியதை வையுங்கள். வேண்டியதை எடுங்கள்." என்று மட்டும் இருக்கிறது. ஏழை, உதவி, தானம், இலவசம் ஆகிய சொற்களில் ஒன்றுகூட அதில் வரக் கூடாது. நன்கொடையாளர் பெயரும் வேண்டாம். வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் பெனரோடு வந்து, பெட்டியை நிரப்பிவிட்டு, எடுப்பவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கக் கேட்டார்கள். பொருளை இறக்கி வையுங்கள், படம் எடுக்க முடியாது என்று சொன்னேன். பொருளையும் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். போகட்டும். அந்த ஒரு படம் வெளியே போயிருந்தால் ஆறு மாதத்துக்குப் பெட்டிப் பக்கம் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

பெட்டிக்கு மாதச் சுழற்சி ஒன்று உண்டு. தோட்டத்தில் சம்பளம் மாதம் 10ஆம் திகதி. அதற்குப் பிந்திய வாரத்தில் மேல்தட்டு தானாக நிரம்பும். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து பத்தாம் திகதிவரைதான் நெருக்கடி. கடைக் கடன் கொப்பி நிறைந்து, கடைக்காரர் முகம் மாறும் நாட்கள் அவை. அதனால் சம்பள வாரத்தில் வரும் உலர் பொருளில் பாதியை நாங்கள் இருவர் எடுத்து, எங்கள் வீட்டு டின்களில் பத்திரப்படுத்தி, முதலாம் திகதியிலிருந்து சிறிது சிறிதாக வைக்கிறோம். தீபாவளி முற்பணம் கழிக்கும் மாதங்களில் இன்னும் கூடச் சேர்க்க வேண்டும்.

ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார் என்ற முறைப்பாடு கட்டாயம் வரும். காவல் நிற்காதீர்கள், விசாரிக்காதீர்கள். பொருளை இரண்டு தவணையாக வையுங்கள், விடியலில் பாதி, கொழுந்து நிறுத்து முடித்துத் திரும்பும் மாலையில் பாதி. அதற்குப் பிறகு முறைப்பாடு எங்களிடம் வரவில்லை. பொறுப்பாளர் இருவருக்கு மேல் வேண்டாம், ஆனால் ஒருவராகவும் இருக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் பெட்டிக்குள் அழுகிய தக்காளி வழிந்து கிடந்தது.

தினமும் ஐந்தே முக்காலுக்குப் போகிறேன். அழுகல் இருந்தால் எடுத்து உரக்குழியில் போடுவேன், தட்டை ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் மறுபடி துடைப்பேன். பத்து நிமிட வேலை. அப்படி ஒரு காலையில் சற்றுப் பிந்திப் போனபோது, என்னைக் கொப்பியைக் கழற்றச் சொன்ன அதே அப்பாயி, குடத்தை இடுப்பில் வைத்தபடி பெட்டியடியில் நின்றார். கதவு திறந்தது. கை உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. பனிக்குள்ளே பதினைந்து அடி தூரத்தில் நின்ற எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. அவர் போன பிறகு பார்த்தேன். மேல்தட்டில் ஒரு பருப்புப் பொட்டலம் குறைந்திருந்தது. கீழ்த்தட்டில் வாழைநாரால் கட்டிய ஒரு பிடி கறிவேப்பிலை, நீர்த்துளியோடு கிடந்தது.

இன்னொரு வேலை மாதம் ஒருமுறை. கதவின் பிணைச்சல் இரண்டுக்கும் தேங்காய் எண்ணெய் விடுங்கள். மழைக்காலத்தில் துரு ஏறி அது கிறீச்சிடத் தொடங்கும், அப்போது பத்து நாளுக்கு ஒருமுறை விட வேண்டும். இரவில், விளக்கெல்லாம் அணைந்த பிறகு வருபவர்கள் இருக்கிறார்கள். பீலிக்கரையிலிருந்து முதல் காம்பரா இருபது அடிதான். கதவு சத்தம் போட்டால் நாய் குரைக்கும்.